பழைய வண்டிக்கு ட்யூனிங் குடுத்தா பக்கத்துலயே நில்லுங்க, டீ குடிக்க போயிடாதீங்க

சேலத்துல கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகம்) வண்டி வச்சிருக்கறவங்களுக்காக போடறேன். அப்பாவோட ஆர்எக்ஸ் 100 பைக், 94 மாடல். சிக்னல்ல நின்னா ரெண்டு தடவ இருமிட்டு ஆஃப் ஆயிடும், அவ்ளோதான் கம்ப்ளெயிண்ட். அஸ்தம்பட்டி பக்கம் ஒரு கடைல விட்டுட்டு டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள வண்டி ரெடி. "கார்ப்ரேட்டர் கிட், அதான் உள்பார்ட்ஸ் செட்டையே மாத்திட்டேங்க, 1,850 ஆச்சு"ன்னாரு. ஸ்லோ ஸ்பீடு (ஆக்சிலேட்டர் திருகாதப்ப இன்ஜின் ஓடற வேகம்) ஆஃப் ஆகாம கும்முனு நின்னுச்சு, நானும் வாய மூடிட்டு குடுத்துட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழம ஏற்காடு கிளம்பினோம். 20 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட தாண்டல, பஸ்ஸுக்கு பின்னாடி ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டிட்டு போறப்ப பம்மி பம்மி நின்னே போச்சு. பிளக்க கழட்டினா கரி அப்பி ஈரமா இருக்கு. உப்புத்தாள்ல தேச்சு மாட்டி எப்படியோ திருப்பிட்டு வந்தோம். மேல போகப்போக காத்து மெலிசாகி மிக்சர் ரிச் ஆகும்தான் (காத்து கம்மியாகி பெட்ரோல் கூடிடும்), அதுக்குன்னு பாதி மலையிலயேவா?

வீட்ல மாமா பாத்தாரு. கார்ப்ரேட்டர்ல காத்த கூட்டி கொறைக்கற ஏர் ஸ்க்ரூ கடைசி வரைக்கும் இறுக்கி இருக்கு, சுமாரா ஒன்றரை சுத்து வெளிய இருக்க வேண்டியது. கழட்டினா அந்த ஸ்க்ரூவோட ஊசி நுனில மோதிரம் மாதிரி தடம், அவ்ளோ நெரிச்சிருக்கான். காத்த அடச்சிட்டு, வண்டி ஆஃப் ஆகாம இருக்க ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவ ஏத்தி விட்டிருக்கான், அதான் அந்த கும்மு. கார்ப்ரேட்டர் அடி கிண்ணத்தோட ஸ்க்ரூ தலைங்கள்ல பழைய சேறு அப்படியே காஞ்சு கெடக்கு, அத தொறக்காம எந்த கிட்ட மாத்துனானோ! நெஜமான கோளாறு ஏர் ஃபில்டர் ஃபோம்ல, ஆயில் ஊறி தார் மாதிரி ஆயிடுச்சு, ஏற்கனவே ரிச்சா ஓடின வண்டிய இன்னும் ரிச் ஆக்கி குடுத்திருக்கான்.

மாமா புது ஃபோம், புது ஸ்க்ரூ போட்டு, வண்டிய பத்து நிமிஷம் ஓட்டி சூடாக்கிட்டுதான் கையே வச்சாரு. ஸ்க்ரூ லேசா உக்கார்ற வரைக்கும் மட்டும் உள்ள விட்டு, அங்கருந்து ஒன்றரை சுத்து வெளிய, அப்புறம் கால் கால் சுத்தா திருப்பி சத்தம் எங்க ஏறுதோ அங்க நிறுத்தி, கடைசியாதான் ஸ்லோ ஸ்பீட கொறச்சாரு. (சில வண்டில ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும், அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளிய எடுத்தா ரிச் ஆகும், கணக்கு தலைகீழ்.)

கடைக்கு போய் கேட்டேன். "மலைக்கு போவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லியேங்க"ங்கறாரு.