மொட்டை மாடி ஒழுகலுக்கு பெயிண்டா, தட்டோடா? 800 சதுர அடிக்குக் கேட்ட விலைகள்

தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. தளம் 800 சதுர அடி. வீடு கட்டியபோது பதித்த தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, இருபது வருடத்துக்கு மேல் தாங்கியது. அப்புறம் ஐப்பசி மழை வந்தாலே கூடத்துச் சீலிங்கில் ஓதம் இறங்க ஆரம்பித்தது. இந்தக் கோடையில் பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகச் சுர்க்கி (ஓட்டுக்கு அடியில் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) போட்டு, மறுபடியும் தட்டோடே பதித்தோம். விசாரித்தபோது நான்கு வழி சொன்னார்கள். கீழே உள்ள விலையெல்லாம் பொருளும் கூலியும் சேர்த்து எங்களுக்குச் சொன்னது. ஊருக்கு ஊர், மாடிக்கு மாடி மாறும்.

வாட்டர்புரூஃப் பெயிண்ட் சதுர அடிக்கு 35 முதல் 60 ரூபாய். 800 சதுர அடிக்கு 28,000 முதல் 48,000 வரை. தார் ஷீட்டை கேஸ் பர்னரால் உருக்கி ஒட்டுவது 80 முதல் 110. சுர்க்கியும் தட்டோடும் 150 முதல் 190, அதாவது 1,20,000 முதல் 1,52,000. பழையதை உடைத்து ரப்பிஷ் அள்ள அடிக்கு இன்னொரு 20, 30 ரூபாய். கம்பத்தை நிறுத்தி மாடி முழுக்கத் தகரக் கூரை என்றால் 250க்கு மேல்.

தகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழையும் வெயிலும் தளத்தில் படாது, துணி காயப்போட நிழல் கிடைக்கும். ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் எத்தனை மாடித் தகரங்கள் பறந்தன என்பதைப் பார்த்தவர்கள் இரண்டு தடவை யோசிப்பார்கள். தார் ஷீட்டை நான் போட்டுப் பார்த்ததில்லை. தெரிந்த ஒருவர் வீட்டில் சில வருடமாக ஒழுகாமல் இருக்கிறது. வெயில் நேராகப் படாமல் மேலே ஒரு பூச்சோ ஓடோ போட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்ன ஒரே நிபந்தனை.

ஆக, நிஜமான போட்டி பெயிண்டுக்கும் தட்டோட்டுக்கும்தான். விலையை மட்டும் பார்த்தால் பெயிண்ட் பக்கம் சாயத்தான் தோன்றும். இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும், வீட்டில் தூசி இல்லை, தளத்துக்குப் புதுப் பாரமும் இல்லை. வெள்ளை பெயிண்ட் அடித்தால் வெக்கையும் கொஞ்சம் குறையும். வாட்டம், அதாவது தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடுவதற்கான சரிவு, சரியாக இருந்து, அங்கங்கே மயிரிழை வெடிப்பு மட்டும் விட்டிருக்கும் மாடிக்கு அதுவே போதும் என்றுதான் நானும் சொல்வேன்.

எங்கள் விஷயத்தில் முடிவு செய்தது வாட்டம். ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் காலை, மாடியில் தண்ணீர் எங்கெங்கே தேங்கியிருக்கிறதோ அதைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டேன். மழைநீர்க் குழாய் இருந்தது வடகிழக்கு மூலையில். தண்ணீர் குளம் கட்டியிருந்ததோ நடு மாடியிலும் மேற்குக் கைப்பிடிச்சுவர் ஓரத்திலும். கூடத்து ஓதம் சரியாக அந்த நடுக் கோட்டுக்குக் கீழே. மேஸ்திரி வந்து கம்பியின் நுனியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டினார். நன்றாகப் பிடித்திருந்த ஓடு கணீரென்றது. கோட்டுக்குள் இருந்தவை பொத்பொத்தென்றன. கீழே சுர்க்கி இளகி, ஓடு தனியாக நின்றிருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் பெயிண்ட் அடித்தால் தண்ணீர் அந்தப் பெயிண்டின் மேல் தேங்கும், அவ்வளவுதான். சாதாரண அக்ரிலிக் பூச்சு தண்ணீரில் ஊறிக்கிடந்தால் உப்பி உரியும். பாலியூரித்தேன் வகை இன்னும் தாங்கும், விலையும் கூடும். எதை அடித்தாலும் பள்ளம் மேடாகாது. சுர்க்கி போடும்போதுதான் வாட்டத்தைப் புதிதாக எடுக்க முடியும். நூறுக்கு ஒன்று என்பது கணக்கு. பத்தடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் குழாய்ப் பக்கம் இறங்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரி மூன்று அங்குலம் போட்டு, கட்டையால் அடித்து இறுக்குகிறார்கள். அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து அடிப்பார்கள். இப்போது பல இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட்தான், எதைப் போடுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்புச் செலவையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் சுருங்குகிறது. பெயிண்டை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். இன்றைய விலையிலேயே பதினைந்து வருடத்தில் மூன்று தடவை. ஒரு தடவைக்கு 40,000 என்று வைத்தால் 1,20,000. தட்டோட்டுக்கு அவ்வப்போது இணைப்புகளில் விட்ட இடத்தைப் பூசினால் போதும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒரு நாள் கூலி, கொஞ்சம் சிமென்ட், சேர்த்து 2,500க்குள் அடங்கும். எங்கள் பழைய தளம் அப்படித்தான் அத்தனை வருடம் ஓடியது.

பாரத்தை மட்டும் மறக்கக் கூடாது. மூன்று அங்குலச் சுர்க்கி சதுர அடிக்கு 13 கிலோவுக்குக் குறையாது. 800 சதுர அடிக்குப் பத்து டன்னைத் தாண்டும். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதுசு போட்டால் அடிக்கு 20, 30 ரூபாய் மிச்சம் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சீலிங்கில் கான்கிரீட் பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறதென்றால் மேலே எதைப் போடுவது என்பது அப்புறம். முதலில் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அந்தச் செலவு மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் சேராது.

சித்திரை, வைகாசியில் வேலையை வைத்துக்கொண்டால் ஆளும் கிடைக்கும், பேரமும் படியும். ஆவணிக்கு மேல் எல்லாரும் ஒரே மேஸ்திரியைத் தேடுவார்கள். கொட்டேஷனில் சுர்க்கியின் கனம், வாட்டம், ரப்பிஷ் யார் அள்ளுவது, கைப்பிடிச்சுவர் ஓரத்தில் வளைத்துப் பூசுவது இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு குழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கீழே சீலிங் காய்ந்திருந்தால் குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் முழுக்க வடிந்து எங்கும் தேங்கவில்லை என்று பார்த்த பிறகு அந்தப் பணத்தைக் கொடுங்கள்.