புகையிலையை விடுவதற்கு: போனா, ஆஸ்பத்திரியா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு நான் முதலில் சொல்வது போன்தான். புகையிலையை விட ஆலோசனை சொல்லும் தேசிய எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. 2018 முதல் பீடிக்கட்டு, சிகரெட் பாக்கெட், புகையிலைப் பொட்டலம் எல்லாவற்றிலும் அச்சாகிற எண். 2016இல் டெல்லியில் தொடங்கிய சேவை. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனத்தில் இதன் மையம் வந்ததும் தமிழிலும் பேசுகிறார்கள். விடும் தேதியை உங்களோடு சேர்ந்து குறிப்பார்கள், பிறகு அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். அதுதான் பெரிய விஷயம். விட்ட முதல் வாரம்தான் பொல்லாதது: எரிச்சல், தூக்கமின்மை, டீக்கடை வாசலில் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போவது. அந்த நேரத்தில் "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு குரல் கேட்டாலே தெம்பு வரும், நம்புங்கள். முகம் தெரியாது என்பதால் வீட்டுக்குத் தெரியாமல் புகையிலை அடக்கும் அம்மிணிகளும் கூசாமல் பேசலாம்.

மாவட்ட அரசு மருத்துவமனையின் புகையிலை நிறுத்த மையத்துக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகலாம். ஆனால் கண் விழித்ததும் பற்ற வைக்கிறவருக்குப் பேச்சு மட்டும் போதாது. நிகோடின் சூயிங்கமோ மாத்திரையோ வேண்டுமா என்று டாக்டர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் போனை நம்பிக் காத்திருக்காதீர்கள், நேரே போய்விடுங்கள்.