கெம்புக் கடையில் ஒரு முற்பகல்

மகளின் மோதிரத்தில் பதிக்க ஒரு மாணிக்கம் தேவைப்பட்டதால், மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்தில், மாடியில் இயங்கும் சிறிய கல் கடைக்குச் சென்றேன். ராசி என்ன என்று முதலில் கேட்காத கல் வியாபாரியை இந்த ஊரில் அன்றுதான் பார்த்தேன்.

அவர் மூன்று சிவப்புக் கற்களை வெள்ளைத் தாளில் வைத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை என் கையில் கொடுத்தார். ஒன்று இயற்கை மாணிக்கம். அலுமினிய ஆக்சைடான குருந்தத்தில் சிறிதளவு குரோமியம் கலந்ததால் சிவந்தது. கடினத்தில் பத்துக்கு 9, வைரத்துக்கு அடுத்த நிலை. மியான்மரின் மோகோக்கில், சுண்ணாம்புப் பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சலவைக்கல்லாக மாறியபோது உருவான வகை அது. இரண்டாவது ஸ்பினல், மாணிக்கம் போலவே சிவந்திருக்கும் வேறொரு கனிமம். பிரிட்டிஷ் மகுடத்தில் நெடுங்காலம் மாணிக்கமாகவே மதிக்கப்பட்ட பெருங்கல்லும் இந்த இனம்தான் என்பதால், ஏமாறுவதில் அரசர்களும் நமக்குத் துணை. மூன்றாவது, 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் வெளியிட்ட முறைப்படி சுடரில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல். அதனுள் வளைந்த கோடுகள் தெரிந்தன. கைக்கடிகாரத்துக்குள் தேயாமல் உழைப்பது பெரும்பாலும் இந்த வகையே.

நான் தேர்ந்தெடுத்தது 1.20 காரட், அதாவது 240 மில்லிகிராம். "சூடு காட்டுன கல்லுதாங்கய்யா, காட்டாதது வேணும்னா விலை வேற" என்று அவரே சொன்னார். நிறமும் தெளிவும் கூடச் சூடு காட்டுவது வழக்கமான முறைதான். விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்லே ஆபத்தானது, ஏனெனில் பத்தரின் ஊதுகுழல் சுடரையும் அமிலத்தையும் அந்தக் கண்ணாடி தாங்காது. லென்ஸில் நீல மின்னலோ குமிழிகளோ தெரிந்தால் வாங்க வேண்டாம் என்றும் அவரே எச்சரித்தார்.

இத்தனையும் வாயால் சொன்னவர், ரசீதில் 'சிவப்புக் கல்' என்று மட்டும் எழுதினார். 'இயற்கை, சூடு காட்டியது' என்று சேர்க்க இருமுறை கேட்க வேண்டியிருந்தது. கடையின் பெயரை நான் சொல்லாததும் அதனால்தான். சொக்கநாதரே வணிகராக வந்து, நவமணிகளின் இலக்கணத்தை விளக்கிப் பாண்டியனின் மகுடத்துக்குக் கல் கொடுத்தார் என்று கதை வழங்கும் ஊரில், மூன்று சொல் எழுதுவதற்கு இவ்வளவு தயக்கம் கூடாது.

போகிறவர்கள் முற்பகலில் போக வேண்டும். மஞ்சள் விளக்கொளியில் எந்தச் சிவப்புக் கல்லும் தன் தகுதிக்கு மேல் சிவக்கும். அங்கே சன்னலோரம் ஒரு முக்காலி இருக்கிறது, கல்லை அங்கே கொண்டுபோய்ப் பார்க்க அவர் மறுப்பதில்லை.