நான்கு கட்ட நோட்டு: ஒரு தலைமை ஆசிரியரின் இரண்டு வருட அனுபவம்

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். அவசரம், முக்கியம் என்று பார்த்து வேலைகளை நான்கு கட்டங்களில் போட்டுப் பிரிக்கும் ஐசனோவர் முறையை இரண்டு வருடமாக நோட்டில் எழுதிப் பயன்படுத்துகிறேன். 1954-ல் அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் பேசிய ஓர் உரைதான் இதற்கு மூலம். அந்தக் கருத்தையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் அவர் சொன்னார். கல்விக்கூடத்துக்காரர் ஒருவர் சொன்ன கருத்து என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிடிப்பு.

முதல் சில மாதம் பலனில்லை. எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, காலை உணவு, 'மதியத்துக்குள் அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் படிவம், எல்லாமே அவசரம், முக்கியம் இரண்டும் என்ற முதல் கட்டத்தில்தான் விழுந்தன. முக்கியம் ஆனால் அவசரமில்லை என்ற இரண்டாம் கட்டத்தில் எழுதியது அப்படியே மறுநாள் பக்கத்துக்குப் போகும்.

நவம்பரில் ஒருநாள் நாலாம் வகுப்பில் ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னேன். எழுத்தின்மேல் விரலை வைத்து, "ப... ற..." என்று நின்றுவிட்டாள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, பாட்டியிடம் வளர்கிறாள். திரும்பி வந்து நோட்டைப் புரட்டினேன். 'நாலாம் வகுப்பு வாசிப்பு' என்று ஜூனிலிருந்து பதினோரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் போகவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் இரண்டாம் கட்டத்துக்கு நேரம் ஒதுக்கினேன். தினமும் இரண்டாம் பாடவேளை வகுப்பறையில். போன் அலுவலக மேசையில். அவசரமென்றால் வகுப்புக்கே ஆள் வரட்டும் என்றேன். வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம்.

சான்றிதழ், கையெழுத்தெல்லாம் மாலை மூன்றரைக்கு மேல் என்று போர்டு வைத்தது மட்டும் தப்பு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வரும் பெரியவரை அதுவரை உட்கார வைப்பது நியாயமில்லை. ஒரே வாரத்தில் எடுத்துவிட்டேன்.

அவசரம் ஆனால் முக்கியமில்லை என்ற மூன்றாம் கட்டம், 'பிறரிடம் கொடு' என்பது, எங்களைப் போன்ற பள்ளிக்கு ஒத்துவராது. எழுத்தர் கிடையாது. இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்தால் அவர் வகுப்பு காலியாகும். அதனால் அந்த வேலைகளைச் சேர்த்து வைத்து, பிள்ளைகள் போன பிறகு ஒரே மூச்சில் முடிக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு. தடுமாறாமல் வாசிக்கிறாள், கணக்குதான் இன்னும் வரவில்லை. இந்த வார இரண்டாம் கட்டத்தில் 'ஆறாம் வகுப்பு, பின்னம்' என்று எழுதியிருக்கிறேன்.