உபுண்டு சர்வர் அப்டேட்: தானாக நடக்கட்டுமா, கையால் செய்யலாமா?

2024 ஜூலை 1 அன்று சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 'ரெக்ரெஷன்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு அன்றே திருத்தம் தந்தது. தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் தாமே சரியாகியிருக்கும். கையால் செய்பவர் அந்த வாரம் ஊரில் இல்லையென்றால்? கதவு திறந்தே கிடந்திருக்கும்.

தானியங்கி முறை இயல்பாகப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும்தான் போடும். காலை 6 மணியையொட்டி ஓடும். சிக்கல் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில்தான். புதிய கர்னல் இறங்கிவிடும், ஆனால் ரீபூட் செய்யும்வரை பழையதே ஓடும். தானாக ரீபூட் ஆகும் அமைப்பு முதலில் அணைந்தே இருக்கும். 'எல்லாம் அப்டேட் ஆகிவிட்டது' என்று நம்பி, பல மாதம் பழைய கர்னலிலேயே ஓட்டியவன் நான். '/வார்/ரன்/ரீபூட்-ரிகொயர்டு' (/var/run/reboot-required) என்ற கோப்பு இருந்தால் ரீபூட் பாக்கி என்று பொருள். சர்வருக்குள் நுழைந்ததும் அதைப் பாருங்கள்.

கையால் 'ஏபிடி அப்கிரேட்' (apt upgrade) என்ற கட்டளை கொடுப்பதில் நேரம் நம் கையில். எது மாறுகிறது என்று பார்த்து, பேக்கப் எடுத்து, ஆள் நடமாட்டம் குறைந்த இரவில் செய்யலாம். டேட்டாபேஸ் சர்வருக்கு இது நல்லது. ஆனால் சோம்பல் வந்தால் போச்சு.

என் வழி: தானியங்கியை ஓடவிட்டு, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பேக்கேஜை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டுவிடுவேன். அதைக் கையால்தான் தொடுவேன், ஞாயிறு அதிகாலையில், காபியோடு.