மூன்று பக்கமும் சாட்சிகள்: சாமர்வில் சிற்றரங்கில் 'ஓலியானா'

அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் மாமெட்டின் 'ஓலியானா' நாடகத்துக்கு ஒரு பேராசிரியரும் ஒரு மாணவியும் ஒரு மேசையும் ஓயாமல் ஒலிக்கும் ஒரு தொலைபேசியும் போதும். பாஸ்டனை அடுத்த சாமர்வில்லில், பழைய கிடங்கொன்றைச் சீரமைத்து நடத்தப்படும் சிற்றரங்கு ஒன்றில் இப்போது நடைபெற்றுவரும் தயாரிப்பு இந்தச் சிக்கனத்தை முழுமையாக நம்புகிறது. கல்லூரி வளாகத்தின் அதிகாரம் பற்றிப் பேசும் இந்த நாடகம் முதன்முதலில் மேடையேறியது, பக்கத்திலுள்ள பல்கலைக்கழக நகரமான கேம்பிரிட்ஜில், 1992 மே மாதத்தில். எனவே பார்வையாளர்களில் பாதிப் பேர் மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்ததில் வியப்பில்லை.

கதை மூன்று காட்சிகளில் முடிந்துவிடுகிறது. பாடம் புரியவில்லை, தேறமாட்டேன் என்ற அச்சத்துடன் கேரல் என்னும் மாணவி ஜான் என்னும் பேராசிரியரின் அறைக்கு வருகிறாள். அவருக்கு 'டென்யூர்' எனப்படும் நிரந்தரப் பணி கிடைக்கும் தறுவாய்; அதை நம்பி ஒரு வீட்டையும் விலைபேசிக்கொண்டிருக்கிறார். அவளிடம் இரக்கப்பட்டு, விதிமுறைகளைத் தள்ளிவைத்துத் தனியே பாடம் சொல்லித் தருவதாகவும், உயர்ந்த மதிப்பெண் வழங்குவதாகவும் சொல்கிறார். அவள் கலங்கும்போது தோளில் கைவைத்து ஆறுதல் கூறுகிறார். இரண்டாம் காட்சியில் அவை அனைத்தும் நிரந்தரப் பணியை முடிவுசெய்யும் குழுவிடம் அளிக்கப்பட்ட புகாராகத் திரும்பி வருகின்றன. நாம் கண்ணால் பார்த்த அதே செயல்கள், கேட்ட அதே சொற்கள், வேறொரு மொழியில் வாசிக்கப்படும்போது அவை பொய் என்று மறுக்கவும் முடியவில்லை, அப்படியே ஏற்கவும் முடியவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக இந்த நாடகம் பார்வையாளர்களைச் சினமூட்டி வருவதற்கு இதுவே காரணம்.

இந்தத் தயாரிப்பின் சிறப்பு இருக்கை அமைப்பில் இருக்கிறது. மேடை என்று உயர்த்திய பகுதி எதுவும் இல்லை; தரையிலேயே பேராசிரியரின் அறையை அமைத்து, அதன் மூன்று பக்கங்களிலும் நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள். முதல் வரிசையில் இருப்பவர் கையை நீட்டினால் மேசையைத் தொட்டுவிடலாம். தோளில் கைவைக்கும் அந்தக் கணத்தில், நான் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து ஜானின் முதுகும் கேரலின் முகமும் மட்டுமே தெரிந்தன. அவள் உடல் இறுகியதை நான் பார்த்தேன், கை எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் அமர்ந்திருந்த நண்பர், அந்தக் கை ஒரு தந்தையின் கையைப் போலத்தான் இருந்தது என்று உறுதியாகச் சொன்னார். இருவரும் ஒரே நாடகத்தைத்தான் பார்த்தோம். பார்வையாளரை இப்படி அரைகுறைச் சாட்சிகளாக்கியது இயக்குநர் எண்ணித் தேர்ந்த உத்தி என்றே நினைக்கிறேன்; எல்லோரும் ஒரே திசையிலிருந்து பார்க்கும் பெரிய அரங்கில் இதைச் செய்திருக்கவே முடியாது.

ஜானாக நடித்தவர் அந்தப் பாத்திரத்தைக் கெட்டவனாக்கும் சபலத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் அன்பானவர்; ஆனால் தன் குரலைத் தானே கேட்டு மகிழ்பவர். கேரல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவர் கனிவோடு குறுக்கிடுகிறார். அவள் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும்போது தொலைபேசி ஒலிக்கிறது. அவர் எடுத்துப் பேசுகிறார். அந்த இடத்தில் கேரலாக நடித்த இளம் நடிகை வாயை மூடிய விதம், முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை மெல்ல மடித்து உள்ளே வைத்துக்கொண்டது போன்ற அந்த அசைவு, மாலை முழுவதிலும் கண்ட மிகச் சிறந்த நடிப்பு.

குறை இரண்டாம் காட்சியில் இருக்கிறது. முதல் காட்சியில் சாதாரணச் சொற்களுக்கே பொருள் கேட்ட பெண், அடுத்த காட்சியில் சட்ட அறிக்கை போலப் பேசுகிறாள். இந்தத் தாவலுக்கு மாமெட்டின் எழுத்து போதிய படிகளை அமைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு குழு இருப்பதாகச் சொல்லப்படுகிறதே தவிர, அக்குழு அவளை எப்படி மாற்றியது என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. பேராசிரியருக்கு வீடு, மனைவி, மகன், புத்தகம் என ஒரு வாழ்க்கையைத் தந்த ஆசிரியர் மாணவிக்கு ஒன்றுமே தரவில்லை. நடிகை நிதானத்தாலும் தயக்கத்தாலும் இதை ஈடுசெய்ய முயன்றிருக்கலாம். மாறாக, இயக்குநர் அந்தக் காட்சியை விரைவுபடுத்தியதால் கேரல் சில நிமிடங்களுக்கு வெறும் குற்றச்சாட்டுகளின் குரலாகிவிட்டாள்.

மூன்றாம் காட்சி அந்த இழப்பை மீட்டுவிடுகிறது. பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டிய நூல்களின் பட்டியலை அவள் நீட்டும்போது, ஜானின் நூலும் அதில் இருப்பதை அவர் கண்டறியும் இடத்தில் அரங்கில் ஒருவரும் அசையவில்லை. 1993-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் இதை இயக்கிய ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்ட்டர், பேராசிரியர் தன் குற்றங்களை ஒப்புக்கொண்டு அறிக்கை வாசிக்கும் பழைய முடிவைத் தேர்ந்தார். இங்கே, அச்சில் வந்திருக்கும் வன்முறையான முடிவையே பின்பற்றியிருக்கிறார்கள். அடி விழும் தூரம் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது இந்த முடிவே சரி. பேராசிரியருக்காகப் பரிந்துகொண்டிருந்தவர்கள்கூட அந்த நொடியில் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்கள்.

1991 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டிருந்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தன்னைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கியதாக, அவரிடம் முன்பு பணியாற்றிய அனிட்டா ஹில் அமெரிக்க மேலவை (செனட்) குழு முன் சாட்சியம் அளித்து ஏழு மாதங்களில் இந்த நாடகம் வெளிவந்தது. அன்றைய பார்வையாளர்கள் அந்த விசாரணையின் நிழலில்தான் இதைப் பார்த்தார்கள். 2017-இல் டெட்ராய்ட் அருகே ஒரு சிறு நாடகக் குழு, இந்த நாடகத்தின் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் பார்வையாளர்களுடன் கலந்துரையாடல் நடத்தத் திட்டமிட்டிருந்தபோது, நாடகம் முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அப்படி நடத்தினால் 25,000 டாலர் அபராதம் என்று மேடையேற்ற உரிமத்தின் நிபந்தனை காட்டி எச்சரிக்கப்பட்டது. நாடகத்தை விளக்கி ஆற்றுப்படுத்தக் கூடாது என்னும் எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கல்லூரிப் பெண்கள் தங்கள் அனுபவத்தைப் பேசக்கூடிய ஓர் இடத்தை அபராதத்தால் மூடுவது எனக்கு உடன்பாடில்லை. இங்கும் கலந்துரையாடல் இல்லை. அரங்கிலிருந்து வெளியேறியவர்கள் நடைபாதையிலேயே நின்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாடகம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இடைவேளையின்றி ஓடுகிறது. தாமதமாக வருபவர்களை உள்ளே விடுவதில்லை. நாற்காலிகள் சற்றுக் கடினமானவை, உள்ளே வெப்பமும் அதிகம். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாலியல் துன்புறுத்தலையும் உடல் வன்முறையையும் நேரில் காண்பது கடினமாக இருக்கும் என்று வாயிலில் முன்னறிவிப்பு வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். இருவர் சேர்ந்து போவதானால் வெவ்வேறு பக்கங்களில் இடம் கேட்டு வாங்குங்கள்.