சமையல் விளையாட்டு ஆப்கள்: நாலு வயது மகளோடு மூன்று மாதம்

சமையல் விளையாட்டு, கடை விளையாட்டு, டாக்டர் விளையாட்டு என்று நாம் சிறு வயதில் திண்ணையில் விளையாடியதை எல்லாம் திரையில் கொண்டுவரும் ஆப்களை மூன்று மாதமாக என் நாலு வயது மகளிடம் கொடுத்துப் பார்த்தேன். நிறைய இறக்கி, நிறைய நீக்கினேன். மிஞ்சியது மூன்றுதான்: டோக்கா கிச்சன் 2, மை பிளேஹோம், கான் அகாடமி கிட்ஸ்.

டோக்கா கிச்சன், ஸ்டாக்ஹோமில் தொடங்கிய டோக்கா போக்கா என்ற நிறுவனம் செய்தது. 2016-இல் கனடாவின் ஸ்பின் மாஸ்டர் என்ற பொம்மைக் கம்பெனி அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து எதையாவது எடுத்து நறுக்கலாம், பொரிக்கலாம், வேகவைக்கலாம், மிக்ஸியில் அடிக்கலாம், பிறகு எதிரே பசியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஊட்டலாம். பிடித்தால் ரசித்துச் சாப்பிடுவார், பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளிப்பார். மதிப்பெண் கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, மீனை மிக்ஸியில் போட்டாலும் தப்பு என்று சொல்ல யாரும் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. அந்த ஆட்கள் எந்த மொழியும் பேசுவதில்லை. ம்ம், உவ்வே போன்ற சத்தங்கள் மட்டும்தான். அதனால் பேசுகிற வேலை முழுக்க என் மகளுடையது, அவள் அதைத் தமிழில் செய்கிறாள். "மாமா, காரமா இருக்கா? தண்ணி குடிங்க" என்கிறாள், "இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா" என்று அவளுடைய அம்மாயி சோறு போடும்போது கேட்கிற அதே தொனியில் கேட்கிறாள். இதற்கு முன்னால் வைத்திருந்த ஒரு ஆப் (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு தட்டலுக்கும் ஆங்கிலத்தில் பாராட்டும், தவறினால் திருத்தும். ஒரே வாரத்தில் இவள் தன் மரச் சொப்பு சாமான்களை வைத்து விளையாடும்போது பொம்மையைப் பார்த்து "ட்ரை எகெய்ன்" என்றாள். அன்றைக்கே அதை நீக்கினேன். கற்பனை விளையாட்டில் பிள்ளைதான் கதை சொல்ல வேண்டும், ஆப் சொல்லக் கூடாது.

மை பிளேஹோமும் இந்த விஷயத்தில் நல்லது. அது ஒரு பொம்மை வீடு. லைட்டைப் போடலாம், அணைக்கலாம், முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றலாம், குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கலாம். நம் வீடு மாதிரி இருக்காது, அது உண்மைதான். ஆனால் என் மகள் அங்கே இருப்பவர்களுக்குச் சித்தி, தாத்தா என்று உறவு வைத்துவிட்டாள், அப்புறம் அது எங்கள் வீடாகிவிட்டது.

கான் அகாடமி கிட்ஸ் இந்த வகையில் முழுதாகச் சேராது. லாப நோக்கமில்லாத நிறுவனத்தின் இலவச ஆப், விளம்பரம் இல்லை, எழுத்தும் எண்ணும் கற்பதற்கு அருமை. ஆனால் ஆங்கிலத்தில் கைபிடித்து அழைத்துப் போகும், அதனால் பாடத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

இலவசம் என்று போட்டிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். நான் இறக்கிய இன்னொரு சமையல் ஆப்பில் பாதி அறைகளுக்குப் பூட்டு, நடுநடுவே விளம்பரம், பூட்டைத் தட்டித் தட்டிப் பிள்ளை அழுததுதான் மிச்சம். டோக்கா போக்கா வேர்ல்டையும் இலவசமாக இறக்கலாம், ஆனால் அதில் பல இடங்களைக் காசு கொடுத்துத்தான் திறக்க வேண்டும். எதை இறக்கினாலும் முதலில் ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ வாங்குவதற்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். ஐபேடாக இருந்தால் கைடட் ஆக்சஸ் என்ற வசதியைப் போட்டுக் கொடுங்கள், பிள்ளை அந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாது.

நேரம்? இந்த வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எங்கள் வீட்டில் சாயந்திரம் 20 நிமிடம், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று போதும் என்றால் டோக்கா கிச்சனை எடுங்கள். ஆனால் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். தனியாக விட்டால் என் மகள் பத்து நிமிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வெறுமனே தட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து "எனக்கு ரசம் கிடைக்குமா?" என்று கேட்டால், தக்காளியைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள்.